அக்குபஞ்சர்: ஊசிக்கு முன் எழும் கேள்விகள்

ஊசி என்றாலே நடுக்கம். ரொம்ப வலிக்குமா?

மருந்து ஏற்றும் ஊசி சுமார் 0.7 மி.மீ. தடிமன், உள்ளே துளை உண்டு. அக்குபஞ்சர் ஊசி பெரும்பாலும் 0.16 முதல் 0.30 மி.மீ. வரைதான்; துளையும் இல்லை, மருந்தும் இல்லை. சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் அழுத்தி வைத்து, உள்ளிருக்கும் ஊசியின் தலையை விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். அந்த அழுத்தத்தில் குத்தியதே பலருக்குத் தெரியாது. பிறகு ஊசியை மெல்லத் திருகும்போது கனம், மதமதப்பு, உள்ளே இழுப்பது போன்ற உணர்வு வரும். அது வர வேண்டியதுதான். ஆனால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்றாலோ எரிச்சல் நீடித்தாலோ உடனே சொல்லுங்கள். நரம்பில் பட்டிருக்கலாம், ஊசியைச் சற்று வெளியே இழுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள்.

குத்தினால் வலி குறைவது எப்படி?

சீன மரபுப்படி, உடலின் சக்திப் பாதைகளில் உள்ள தடையை ஊசி நீக்குகிறது. உடற்கூறியலில் அப்படிப்பட்ட பாதைகள் தென்படவில்லை. ஊசி தசையிலுள்ள நரம்பிழைகளைத் தூண்டுவதும், மூளையும் தண்டுவடமும் எண்டார்பின் போன்ற வலிதணிப்பான்களைச் சுரப்பதும் ஆய்வுகளில் தெரிகின்றன. 2010-இல் எலிகளில் நடந்த ஆய்வில், குத்திய இடத்தில் வலியைத் தணிக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் கூடியது. பலன் எவ்வளவு? நாள்பட்ட முதுகு, கழுத்து, முழங்கால் வலி, தலைவலி குறித்த 39 ஆய்வுகளின் தரவுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களைவிட நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஒப்புக்குப் போட்ட போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது. ஆகவே, வலிக்கு முயன்று பார்க்கலாம். எல்லா நோயும் தீரும் என்பவரிடம் போக வேண்டாம்.

எத்தனை முறை போக வேண்டும்?

ஒவ்வொரு முறையும் ஊசி 15 முதல் 30 நிமிடம் உடலில் இருக்கும். வாரம் ஒன்றிரண்டு முறை. ஆறு முறைக்குப் பிறகும் வலியில் மாற்றமே இல்லையென்றால் தொடர்வதில் பொருளில்லை.

முதல் முறையே மயக்கம் வந்துவிட்டது. ஏன்?

வெறும் வயிறு, களைப்பு, பயம், உட்கார்ந்த நிலை: இவைதான் வழக்கமான காரணங்கள். ஊசிகளை எடுத்துவிட்டுப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடுத்த முறை அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போய், படுத்தபடியே போட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்தஅழுத்த மாத்திரைகளை நிறுத்தலாமா?

கூடாது.

யார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்திருப்பவர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறை வேண்டாம். ஊசி உங்கள் கண்ணெதிரே புதிய உறையிலிருந்து வர வேண்டும். போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

சொட்டு ரத்தம், சின்னக் கன்றல், ஒருநாள் அசதி சகஜம். தோள், மார்பு, மேல்முதுகில் ஊசி போட்ட பின் நெஞ்சு குத்தினாலோ மூச்சு வாங்கினாலோ விடக்கூடாது. ஆழமாகப் போன ஊசி நுரையீரலுறையைத் துளைத்திருக்கலாம். அரிதுதான், ஆனால் அறிகுறி சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எந்த இடத்தில் ஊசி போட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள்.