சருகுத் தீயிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் வனவியல் மாணவர்கள் பழங்குடி அறிவை 'வெறும் கதை' என்று ஒதுக்குவதாக எழுதியிருந்தீர்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை முற்றும் முன்பே சருகு மட்டும் எரியும்படி லேசாகத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று பெயர். 1974இல் சரணாலயம் ஆன பிறகு அதைத் தடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுப் புதர் காட்டை அடைத்தது, நெல்லி மரங்களில் புல்லுருவி என்ற ஒட்டுண்ணிச் செடி பெருகியது என்கிறார்கள் சோலிகப் பெரியவர்கள்.

இது சோதித்துப் பார்க்கக்கூடிய கருதுகோள்தானே! மாணவர்கள் நெல்லி மரங்களை எண்ணட்டும், புல்லுருவி பிடித்தவற்றைக் குறிக்கட்டும். ஆனால் எதை அளப்பது என்று முடிவு செய்யும்போதே சோலிகர் ஒருவர் கூட இருக்கட்டும், உரிய சம்பளத்தோடு. கடைசி நாள் விருந்தினராக மட்டும் அழைத்துவிடாதீர்கள்.