டெக்காலைச் சுற்றி வெள்ளியாக மின்னினால்

மாதிரி விமானத்தின் இறக்கையில் ஒட்டிய டெக்காலைச் சுற்றி, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலச் சின்னத்தைச் சுற்றி, வெள்ளியாக மின்னுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வட்டச் சின்னத்தைப் பிய்க்க வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த வெள்ளி மினுக்கம் தெரிகிற இடங்களில் மட்டும் மெல்லிய ஊசியால் குத்தி, டெக்கால் சாஃப்டனர் என்ற, படலத்தை இளக்கும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். அது துளை வழியாக இறங்கிப் படலத்தைப் பெயிண்டோடு படிய வைத்துவிடும்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் மேலேயே நேராக ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சொரசொரப்பில் காற்று சிக்கிக்கொள்ளும். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், கோணம் மாற மாற மினுக்கமும் மாறினால் காற்றுதான். மாறாமல் இருந்தால் காய்ந்த பசைக் கறையாக இருக்கலாம், ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள்.

சாஃப்டனர் பட்டதும் டெக்கால் சுருங்கினால் பதறி விரல் வைக்காதீர்கள், பெரும்பாலும் காயும்போது தானே படியும். ஆனால் கடுமையான வகை மெல்லிய படலத்தையே கெடுத்துவிடும், அதனால் வேண்டாத டெக்காலில் முதலில் சோதியுங்கள். மீதிச் சின்னங்களை ஒட்டுவதற்கு முன்னால் பெயிண்ட் மேல் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள், எல்லாம் நன்றாகக் காய்ந்த அப்புறம்தான் மேட் வார்னிஷ்.