ஊசி எண் பத்து

அன்புள்ள ஐயா,

பழைய புத்தகக் கடையில் 1950களின் ‘ஸ்டிச்கிராஃப்ட்’ என்ற பிரிட்டிஷ் பின்னல், தையல் இதழ்கள் ஆறு கிடைத்தன. அட்டைகளை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதிலிருந்த ஒரு கார்டிகனை (முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர்), அமெரிக்க வீடியோ ஒன்றில் ஊசி அளவு பார்த்து, பின்னினேன். உள்ளே இரண்டு பேர் நுழையலாம்! அந்தக் காலத்துப் பெண்கள் அவ்வளவு பருமனா? சில இதழ்களின் நடுவே நீல மையில் பூ வரைந்த தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றையும் அட்டைகளையும் சுவரில் மாட்டுவதற்காக லேமினேட் செய்யக் கொடுத்திருக்கிறேன். வணிக நோக்கமில்லாத, கள்ளமற்ற அந்தக் கால இதழ்களின் வசீகரம் இன்றைய இதழ்களில் ஏன் இல்லை?

மீ., கோவை

அன்புள்ள மீ.,

இந்த இதழ்களை எடுத்துவைப்பவர்கள் பலரும் அட்டையோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் பின்னிப் பார்த்திருக்கிறீர்கள். அதற்காகவே பதில் எழுதுகிறேன். லேமினேஷன் செய்தியைப் படித்ததும் வந்த கோபத்தைக் கடைசிவரை அடக்கி வைக்கப் பார்க்கிறேன்.

பருமன் கேள்விக்கு ஒரு வரி போதும். அந்தக் கார்டிகன் 34 அங்குல மார்பளவுக்கானது. தப்பு உங்கள் ஊசியில். கள்ளமற்ற காலம் என்பதும் வேண்டாம். 1932இல் தொடங்கிய ஸ்டிச்கிராஃப்ட், பேட்டன்ஸ் அண்ட் பால்ட்வின்ஸ் என்ற கம்பளி நூல் நிறுவனத்தோடு சேர்ந்தே வளர்ந்த இதழ். ஒவ்வொரு பின்னல் குறிப்பும் இன்ன பெயருள்ள நூல், இத்தனை அவுன்ஸ் என்று தொடங்குவது நூல் விற்கத்தான். ஆனால் அந்தக் கணக்கு எழுத்துக்கு நல்லதே செய்தது. ஸ்வெட்டர் பாழானால் அந்த அம்மாள் அடுத்த மாதம் நூல் வாங்கமாட்டார். ஆகவே குறிப்பில் ஒரு எண்கூடப் பிசகக்கூடாது.

நீங்கள் எண்ணைத்தான் கோட்டைவிட்டீர்கள். உங்கள் குறிப்பு கேட்பது 10ஆம் எண் ஊசி. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75, 14 என்றால் 2. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறு. அங்கே 10 என்பது 6 மி.மீ. தடி. நீங்கள் மெல்லிய நாலு இழை நூலை அந்தத் தடியில் போட்டிருக்கிறீர்கள். வந்தது கார்டிகன் அல்ல, மீன்வலை.

ஊசி எண் சரியாக இருந்தாலும் போதாது. குறிப்பின் தலையில் ‘டென்ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அங்குலத்துக்கு 7 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்), 9 வரிசை என்பதுபோல. எல்லோரும் தாண்டிப்போவது அந்த வரியைத்தான். முதுகுத் துண்டுக்கு 119 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 7 என்றால் 17 அங்குலம், முன்னும் பின்னுமாக 34. உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து ஆறரைக் கண்ணி விழுந்தால்? 18.3 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து 36.6. அரைக் கண்ணி, கண்ணுக்குத் தெரியாத அரைக் கண்ணி, இரண்டரை அங்குலத்தைக் கூட்டிவிட்டது. உங்கள் தடியில் அங்குலத்துக்கு நாலரைதான் விழுந்திருக்கும். 53 அங்குலம். இரண்டு பேர் தாராளமாக நுழையலாம்.

அதனால் முதலில் ஒரு மாதிரித் துண்டு. 42 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று ஐந்தாறு அங்குலம் பின்னுங்கள். கழுவி, தொங்கவிடாமல் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஓரங்கள் சுருண்டு பொய் சொல்லும். ஆகவே நடுவில் நாலு அங்குல இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்தி எண்ணுங்கள். 28 வரவேண்டும். 30 வந்தால் கை இறுக்கம், 9ஆம் எண் ஊசிக்குப் போங்கள். 26 வந்தால் தளர்ச்சி, 11ஆம் எண். கையை இறுக்கிப் பிடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து வரிசைக்குள் கை பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். கையை மாற்ற முடியாது, ஊசியை மாற்றலாம்.

வசீகரம் பற்றிக் கேட்டீர்கள். என்னைக் கேட்டால், அது அந்த இதழ்கள் எழுதாமல் விட்டதில் இருக்கிறது. இடது முன்பக்கத்துக்கு அரைப் பத்தி. வலதுக்கு ஒரே வரி: இதற்கு எதிராகப் பின்னவும். அவ்வளவுதான். இடதில் கைக்குழிக்கு நிட் வரிசையின் தொடக்கத்தில் கண்ணிகளை மூடியிருந்தால், வலதில் பர்ல் வரிசையின் தொடக்கத்தில் மூடவேண்டும். பெண்கள் கார்டிகனில் பொத்தான் துளை வலப்பக்கம். ஆகவே முதலில் இடப்பக்கத்தைப் பின்னி, பொத்தான் வரும் இடங்களில் குண்டூசி குத்தி, இடையிலுள்ள வரிசைகளை எண்ணி, வலப்பக்கத்தில் அதே வரிசைகளில் துளை விடவேண்டும். இதில் பெரும்பகுதியை இதழ் சொல்லாது. வாசிப்பவருக்குத் தெரியும் என்று நம்பும். இன்றைய குறிப்புகள் அதே வலப்பக்கத்துக்கு ஒரு முழுப் பக்கம் எழுதி, நடுவில் ‘உங்களால் முடியும்’ என்று தட்டியும் கொடுக்கின்றன. தட்டிக்கொடுப்பவரைவிட நம்புகிறவர் மேல்.

சரி, லேமினேஷன். மரக்கூழ்த் தாள் தனக்குள்ளிருக்கும் அமிலத்தாலேயே பழுக்கிறது, பிளாஸ்டிக் அதைத் தடுக்காது. அதோடு பசையை உருக்கி ஒட்டியபின் பிரிக்கவும் முடியாது. நீல மைத் தாள்களை அதில் செருகத் துணிந்தீர்களே, அதுதான் அநியாயம்! அவை படங்கள் அல்ல. துணிமேல் கவிழ்த்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மை உருகி இறங்கும் அச்சுத்தாள்கள். லேமினேஷன் எந்திரமும் சூட்டில்தான் ஓடுகிறது.

அசலை இஸ்திரி போட்டும் செலவழிக்கவேண்டாம். இத்தனை வருடத்தில் மை செத்திருக்கவும் கூடும். பட்டர் பேப்பரில் படியெடுங்கள். அச்சுத்தாளில் எல்லாம் கண்ணாடி பிம்பம்போல இடவலம் மாறியிருக்கும். எழுத்துள்ள தாளைப் பார்த்தால் உடனே தெரியும். எனவே படியெடுத்த தாளைத் திருப்பிப் போட்டு, கோட்டின்மேல் ஒரு மி.மீ. இடைவெளியில் ஊசியால் துளையிடுங்கள். பின்பக்கப் பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். வெளிர் துணிக்குக் கரிப்பொடி, அடர்நிறத்துக்குச் சுண்ணப்பொடி, பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றவேண்டும். தாளை இழுக்காமல் நேராகத் தூக்குங்கள், இழுத்தால் கோடு இரட்டிக்கும். புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துவிட்டுப் பொடியை ஊதிவிடுங்கள். உங்கள் ஊரில் ஆரி வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். பொடியை மண்ணெண்ணெயில் குழைத்து இதையேதான் செய்கிறார்கள்.

இன்றைய இதழ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை இன்னொரு நாள் பார்க்கலாம். முதலில் அந்த லேமினேஷன் கடைக்குப் போன் செய்யுங்கள்.