பைல் ஏஜி ஆபீசில் நிற்கிறது என்கிறார்களா? அனுப்பிய கடிதத்தின் தேதியைக் கேளுங்கள்

கேள்வி: என் அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து மே மாதம் ஓய்வு பெற்றார். ஐந்து மாதமாகியும் பென்ஷன் வரவில்லை, ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) பணமும் வரவில்லை. ஆபீசில் கேட்டால் "எல்லாம் ஏஜிக்கு அனுப்பியாச்சு, அங்கேதான் நிக்குது" என்கிறார்கள். நடுவில் மூன்று வருடம் அப்பா ஒரு வாரியத்தில் அயல்பணியில், அதாவது அரசு வேலையில் இருந்தபடியே அங்கே அனுப்பப்பட்டு, இருந்தார். தெரிந்தவர் ஒருவர் ரூ.15,000 கொடுத்தால் ஏஜி ஆபீசில் பைலை நகர்த்தித் தருவதாகச் சொல்கிறார். இந்த ஏஜி யார்? முதல்வருக்கு மனு போட்டால் அவர் கேட்பாரா? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏஜி (அக்கவுண்டன்ட் ஜெனரல்) என்பவர் மாநிலக் கணக்காயர். தமிழ்நாடு அரசின் வரவு செலவுக் கணக்கைத் தொகுப்பதும் தணிக்கை செய்வதும் அவருடைய துறைதான், ஆனால் அவர் தமிழ்நாடு அரசின் அதிகாரி இல்லை. டெல்லியில் இருக்கும் சிஏஜிக்கு, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு, கீழே வருபவர். யாருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அவருக்கே கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அரசமைப்புச் சட்டம் இப்படி வைத்திருக்கிறது. 1984-ல் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். தணிக்கை தனி, கணக்கு தனி. தணிக்கை அறிக்கை ஆளுநருக்குப் போய், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அது உங்கள் பிரச்சினை இல்லை. உங்களுக்கு வேண்டியது கணக்குப் பிரிவு, சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருப்பது. அரசு ஊழியர்களின் ஜிபிஎஃப் கணக்கை வைத்திருப்பதும், எவ்வளவு பென்ஷன் என்று சரிபார்த்து பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) போடுவதும் அவர்கள்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஏஜி பணம் கொடுப்பதில்லை. இவ்வளவு கொடுக்கலாம் என்று கருவூலத்துக்கு அதிகாரம் கொடுக்கிறார், பணத்தைக் கொடுப்பது கருவூலம். கணக்குப் போடத் தேவையான தாள்களை அனுப்ப வேண்டியது அப்பாவின் அலுவலகம். இந்த மூன்று இடத்தில் கோப்பு அதிகமாகத் தூங்குவது ஊழியரின் சொந்த அலுவலகத்தில்தான். கருவூலத்துறையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது இதைத்தான்: ஏஜி ஆட்சேபணை போட்டுத் திருப்பி அனுப்பிய கடிதம் அதே அலுவலகத்தின் பீரோவில் கிடக்கும், குடும்பத்துக்கோ "அங்கேதான் நிக்குது" என்ற பதில் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் நாளைக்கு ஆபீசுக்குப் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் அனுப்பினீர்கள்? எண்ணைக் கொடுத்தால் ஏஜி அலுவலக இணையதளத்தில் பென்ஷன் கோப்பின் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஜிபிஎஃப் கணக்கும் அங்கேயே இருக்கிறது. எண்ணைக் கொடுக்கவில்லையென்றால் கோப்பு இன்னும் கிளம்பவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த அயல்பணி. அப்பா வாரியத்தில் வேலை பார்த்த மூன்று வருடத்துக்கு அவருடைய பென்ஷன் பங்களிப்பை, விடுப்புச் சம்பளப் பங்களிப்பையும் சேர்த்து, அந்த வாரியம் அரசுக் கணக்கில் கட்டியிருக்க வேண்டும். கட்டியதற்கான செலான் எண், தேதி, தொகை எல்லாம் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பல இடங்களில் பணம் கட்டியிருப்பார்கள், பதிவு இருக்காது. சில இடங்களில் இரண்டு வருடத்துக்குக் கட்டிவிட்டு மூன்றாவது வருடத்தை விட்டிருப்பார்கள், ஏனென்றால் நடுவில் வாரியத்தில் கணக்குப் பார்த்தவர் மாறியிருப்பார். ஏஜி ஆபீசில் பணிப்பதிவேட்டைப் புரட்டுபவர் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார், நிற்கத்தான் வேண்டும், கட்டாத காலத்தை அவர் எப்படிச் சேர்ப்பார்? தமிழ்நாட்டில் முழு பென்ஷனுக்கு 30 வருடத் தகுதியான பணிக்காலம் வேண்டும். அப்பாவுக்கு மொத்தம் 31 வருடம்தான் என்றால் இந்த மூன்று வருடம் போனால் தொகையே குறைந்துவிடும். ஆகவே யாரையும் எதிர்பார்க்காமல் நீங்களே வாரியத்தின் கணக்குப் பிரிவுக்குப் போய் அந்த மூன்று வருடத்துக்கான செலான் விவரத்தை எழுத்தில் வாங்கி, அப்பாவின் ஆபீசில் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்குங்கள். கட்டவில்லை என்று தெரிந்தால் கட்டச் சொல்லி வாரியத்துக்கு எழுத வேண்டியது அப்பாவின் ஆபீஸ், நீங்கள் இல்லை. அதையும் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்டால் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருப்பார்.

இப்போது அந்த ரூ.15,000. இந்த வேலைக்கு ஏஜி ஆபீசில் கட்டணம் என்று எதுவும் கிடையாது. இந்த ஆட்கள் செய்வது என்ன தெரியுமா, நீங்கள் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய நிலையைப் பார்த்து, "பைல் இப்போ மூணாவது டேபிளுக்கு வந்திருக்கு" என்று உங்களிடமே விற்கிறார்கள். பிபிஓ தானாக வந்தால் நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்பார்கள். வராவிட்டால் இன்னும் ஒரு ஐயாயிரம். இவர்களைவிட மோசமானவர்கள் போனில் வருகிறார்கள். "ஏஜி ஆபீசிலிருந்து பேசுகிறோம், பென்ஷன் பாஸ் ஆகிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்" என்பார்கள். ஓய்வு பெற்ற தேதி, கடைசிச் சம்பளம்வரை சரியாகச் சொல்வார்கள், அதைக் கேட்டு நம்பித்தான் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். பென்ஷன் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் உங்கள் ஓடிபி தேவையில்லை. அப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதல்வருக்கு மனு கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அது துறைக்குப் போய், துறையிலிருந்து அதே ஆபீசுக்கு இறங்கி, அதே ஆள் "ஏஜிக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார். ஓய்வு பெறும் தேதி வேலையில் சேர்ந்த நாளிலேயே தெரியும், அப்படியிருந்தும் தாள்களைத் தாமதமாக அனுப்பியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. முதல்வருக்கான மனுவைவிடப் பலன் தருவது தகவல் உரிமை மனு. பத்து ரூபாய்தான். அப்பாவின் ஆபீசுக்கு ஒன்று: அனுப்பிய தேதி, வந்த ஆட்சேபணைகள், அவற்றுக்கு அனுப்பிய பதில், நகலோடு. ஏஜி அலுவலகத்துக்கு இன்னொன்று, அதை மத்திய அரசின் தளத்தில் போட வேண்டும், ஏனென்றால் அது மாநில அலுவலகம் இல்லை. மேல்முறையீடு போனாலும் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகாது, மத்திய ஆணையத்துக்குத்தான் போகும். பலர் இங்கே தப்பாகப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கலெக்டர் நடத்தும் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்துக்கும் போங்கள், அங்கே துறை அதிகாரி நேரில் பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? இறுதிக் கணக்கு தாமதமானால் தற்காலிக ஓய்வூதியம் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. அதை அலுவலகம் தானாகச் சொல்வது அபூர்வம். அப்பா பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதி, தேதி போட்டு, அலுவலகத் தலைவரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே கொடுங்கள்.