வழியைப் பூட்டிவிட்டார்கள், அவர்கள் வீட்டு ரகசியத்தைச் சொல்லித் திறக்க வைக்கலாமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே மலைச்சரிவில் எங்கள் வீடு. கணவருக்குக் கொழும்பில் வேலை. நான், மாமியார், மகள் மூவரும்தான் இங்கே. பிரதான வீதிக்கு இறங்க, பக்கத்து வீட்டுக் காணி ஓரமாகப் போகும் சிமெந்துப் படியைத்தான் பதினாறு வருடமாகப் பாவிக்கிறோம். மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டு அக்காவுக்கு முகம் சரியில்லை. மூன்று வாரத்துக்கு முன் படியில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். கணவர் இல்லாத நேரம் எங்கள் வீட்டுக்கு யார் யாரோ வந்து போவதாக வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவும் போட்டிருக்கிறார். அவருடைய மகன் கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தவர். சாட்சிக் கையெழுத்து வைத்தது என் கணவருக்குத் தம்பி முறை. இப்போது அதை மறைத்துப் பண்டாரவளையில் பெண் பேசுகிறார்கள். “கேட்டைத் திறங்கள், இல்லாவிட்டால் பெண் வீட்டாரிடம் சொல்வேன்” என்று சொல்லலாமா? பூட்டை உடைக்கலாமா?

பதில்: சகோதரி, இரண்டுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பூட்டை உடைத்தால் அடுத்த நாள் பொலிஸில் முறைப்பாட்டுக்காரர் அவர், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்று ஆகிவிடும். மிரட்டல் இன்னும் மோசம். ஒருவரின் நற்பெயருக்குக் கேடு செய்வேன் என்று பயமுறுத்தி, அவர் விரும்பாத ஒன்றைச் செய்ய வைக்கப் பார்ப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 483ஆம் பிரிவில் குற்றமுறையான பயமுறுத்தலாகலாம். “நான் சொன்னது உண்மைதானே” என்பது அங்கே உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அந்தப் பேச்சையும் அவர்கள் போனில் பதிவு செய்து வைத்திருப்பார்கள்.

வழிக்கு வருவோம். உங்களுக்கு இருக்கும் விரைவான கதவு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. சமாதானம் குலையக்கூடிய காணித் தகராறு என்றால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கை இடலாம். அவர்கள் இழுத்தடித்தால் நீங்களே சத்தியக் கடதாசியோடு நேரடியாகப் போகலாம். வழியுரிமை போன்ற தகராறுகள் 69ஆம் பிரிவின் கீழ் வரும். விசாரணை சுருக்கமானது. தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. (நீதிமன்ற நாட்குறிப்பு எப்போதும் சட்டத்தைக் கேட்டு நடப்பதில்லை, அது வேறு கதை.) காணியிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் வர வேண்டும் என்ற கட்டுப்பாடு, வழித் தகராறுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுச் “சண்டை வரும் போலிருக்கிறது ஐயா” என்றால் எந்த நீதவானும் நம்பமாட்டார். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த வாரமே பொலிஸில் முறைப்பாடு போட்டு, பதிவு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். பூட்டிய கேட்டைத் திகதி தெரிய படம் எடுங்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன், தபால்காரர், மேல் வீட்டுக்காரர் என அந்தப் படியில் ஏறி இறங்கிய யாராவது இரண்டு மூன்று பேர் சத்தியக் கடதாசி தந்தால் பெரிய உதவி.

66ஆம் பிரிவில் நீதிமன்றம் தரும் கட்டளை தற்காலிகமானதுதான். நிரந்தர உரிமையை மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும். அங்கேதான் உங்கள் பதினாறு வருடத்தை எதிர்த்தரப்பு பிய்த்துப் பார்க்கும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, பத்து வருடம் இடையூறின்றி, உரிமையாகப் பாவித்த வழி உரிமையாகிவிடும். “உரிமையாக” என்பதில்தான் சிக்கல். மாமியாரிடம் ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: அந்தப் படியில் முதன்முதலில் நடந்தபோது அந்த வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் நடந்தார்களா? அனுமதியோடு நடந்தது எத்தனை வருடமானாலும் அனுமதிதான். நம் ஊர்களில் வாயால் கேட்டு வாயால் கொடுத்த அனுமதிகள் ஏராளம், வழக்கு என்று வரும்போது அவைதான் காலை வாரும். அப்படியிருந்தாலும் கை விரிக்கத் தேவையில்லை. வீதிக்கு வர வேறு வழியே இல்லையென்றால் அவசிய வழி என்று கேட்கலாம். அதற்கு நட்டஈடு கொடுக்க நேரலாம். தோட்டத்துப் பாதை வழியாகச் சுற்றிப் போக முடியுமென்றால் இந்த வாதம் பலவீனமாகும்.

இன்னொன்று, மலையகத்தில் இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. படி இருக்கும் துண்டு உண்மையில் யாருடையது? பக்கத்து வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தையும் பிளானையும் காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பல தோட்டங்களில் நிலத்தின் உரிமை அரசின் பக்கமே இருக்கிறது. படி அப்படிப்பட்ட நிலத்தில் வந்தால், அரசுக்கு எதிராகப் பத்து வருடக் கணக்கு செல்லாது. அதேநேரம் அந்த அக்காவுக்கும் அங்கே கேட் போட உரிமை இருக்காது. வழக்குப் போடுவதானால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு படியை வரைபடத்தில் காட்டுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் என்ன என்று காட்டாமல் தோற்ற வழி வழக்குகள் நிறைய.

குரல் பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவதூறு 2002இலிருந்து நம் நாட்டில் குற்றவியல் வழக்கல்ல; நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம், இரண்டு வருடத்துக்குள். பதிவை வேறு போனுக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். குழுவில் பதிலுக்குப் பதில் பேசவும் வேண்டாம்.

சரி, அந்த ரகசியம். முதல் திருமணம் கலைக்கப்படாமல் மறுபடி திருமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. தண்டனைச் சட்டக்கோவையில் ஏழு வருடம்வரை சிறைக்கு இடமுள்ள குற்றமும்கூட. நட்டப்படப் போவது பண்டாரவளைப் பெண். அதனால் இதை மூடி வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பதிவு நடந்தது மட்டும்தான். பிறகு விவாகரத்து ஆனதா இல்லையா என்பது தெரியுமா? இடைக்காலத் தீர்ப்பு வந்தாலும் அது முடிவான தீர்ப்பாகக் குறைந்தது மூன்று மாதம் செல்லும். அதையெல்லாம் பார்க்காமல் ஊரெல்லாம் சொன்னால், அவதூறு வழக்கில் நீங்கள்தான் பிரதிவாதி. நம்முடைய உரோமன் டச்சுச் சட்டத்தில் சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும்.

நேரில் கண்டவர் உங்கள் கொழுந்தன். சொல்வதானால் அவர் பெண் வீட்டாரிடம் மட்டும் சொல்லட்டும். பதிவு நடந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் திருமணச் சான்றிதழின் பிரதி கேட்டு அவர்களே சரிபார்க்கட்டும். கேட் திறந்தால் வாயை மூடிக்கொள்கிறேன் என்று நீங்கள் பேரம் பேசினால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்து உங்கள் படியை வாங்குகிறீர்கள்.

வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னால் போங்கள். அங்கே சட்டத்தரணி உங்களுக்காக ஆஜராக முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். படியைப் பற்றி மட்டும் பேசுங்கள். மகனின் பேச்சை எடுத்தால் அந்த அக்கா சமரசத்துக்கு வரவேமாட்டார். பணம்தான் கவலை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்காடும். போகும்போது உங்கள் உறுதி, பிளான், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.