டெவலப்மென்ட் போர்டிலிருந்து முதல் சொந்த பிசிபிக்கு

கேள்வி: இஎஸ்பி32 (வைஃபை வசதியுள்ள மைக்ரோகண்ட்ரோலர்) டெவலப்மென்ட் போர்டு, மண் ஈரப்பத சென்சார், மின்சாரத்தால் திறக்கும் 12 வோல்ட் சொலினாய்டு வால்வு ஆகியவற்றை பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் கம்பிகளைச் செருகும் பலகை) இணைத்து, மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் அமைப்பு ஒன்றைச் செய்திருக்கிறேன். நன்றாக இயங்குகிறது, ஆனால் கம்பிகள் அடிக்கடி கழன்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே பிசிபியில், அதாவது அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில், கொண்டுவர நினைக்கிறேன். இதுவரை பிசிபி வடிவமைத்ததில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: பிரெட்போர்டில் ஓடிய இணைப்புகளை அப்படியே மென்பொருளில் வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் நீங்கள் பிரெட்போர்டில் செருகியிருப்பது மைக்ரோகண்ட்ரோலரை மட்டும் அல்ல. 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்கும் ரெகுலேட்டர், கணினியோடு பேசும் யுஎஸ்பி சீரியல் சிப், ரீசெட் சுற்று, பூட் பொத்தான், நிரல் ஏற்றும்போது அந்தப் பொத்தான்களைத் தானே அழுத்துவதுபோல் செயல்படும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஆகிய அனைத்தும் அந்த டெவலப்மென்ட் போர்டில் இருந்தன; உங்கள் இணைப்புப் படத்தில் இருந்திருக்காது. இனி அவற்றையெல்லாம் நீங்களே தர வேண்டும். முதல் பலகையில் ஏதாவது ஒரு பிழை இருந்தே தீரும் என்பதால், அது சிறியதாகவும் அழகாகவும் இருப்பதைவிட, மல்டிமீட்டரை வைத்துப் பிழையைக் கண்டுபிடித்து சாலிடரிங் அயர்னால் சரிசெய்யக்கூடியதாக இருப்பதே முக்கியம். கீழே நான் சொல்லும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை இந்த நோக்கத்திலிருந்து வருபவை.

வெறும் சிப்பை வாங்காமல், இஎஸ்பி32-வ்ரூம்-32இ போன்ற மாட்யூலை வாங்குங்கள். கிரிஸ்டல், ஃபிளாஷ் நினைவகம், ஆன்டெனா மூன்றும் அதற்குள்ளேயே இருப்பதால், அதிக அதிர்வெண் சார்ந்த கடினமான வடிவமைப்பு உங்கள் தலையில் விழாது. இணைப்புகள் விளிம்பில் இருப்பதால் கையாலேயே சாலிடர் செய்யலாம். அடிப்பகுதியில் உள்ள பெரிய கிரவுண்ட் பேடை (சாலிடர் செய்வதற்கான உலோகப் பரப்பு) சாலிடர் செய்தால் வெப்பம் நன்றாகக் கடத்தப்படும். செய்யாவிட்டாலும் மாட்யூல் இயங்கும்.

பெரும்பாலானோர் முதலில் சறுக்கும் இடம் மின்வழங்கல். வால்வுக்காக 12 வோல்ட் அடாப்டர் ஏற்கெனவே இருப்பதால், அதையே ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்குக் கொடுத்து 3.3 வோல்ட் எடுத்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12-க்கும் 3.3-க்கும் உள்ள வித்தியாசம் 8.7 வோல்ட். சராசரியாக 150 மில்லி ஆம்பியர் ஓடினாலே சுமார் 1.3 வாட் முழுவதும் வெப்பமாக மாறும். சுற்றிலும் செம்புப் பரப்பு குறைவாக இருந்தால் அந்தச் சிறிய உறையின் வெப்பநிலை வாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 90 டிகிரி உயரக்கூடும். அதாவது அறை வெப்பநிலைக்கு மேல் 100 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே முதலில், அதிக வெப்பமின்றி மின்னழுத்தத்தை இறக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் மூலம் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கி, அதன்பின் ஏஎம்எஸ்1117 மூலம் 3.3 வோல்ட்டாக இறக்குங்கள். பக் கன்வெர்ட்டரின் தடங்களை வரைவது தனிக் கலை என்பதால், இந்த முறை கடையில் கிடைக்கும் ஆயத்த மாட்யூலைப் பலகையில் பொருத்திக்கொள்ளலாம். வெளியீட்டு மின்னழுத்தத்தை மாற்றும் திருகு வைத்த மாட்யூலாக இருந்தால், மற்ற பகுதிகளோடு இணைக்கும் முன்பே வெளியீட்டை அளந்து 5 வோல்ட்டுக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். ஏஎம்எஸ்1117-இல் வெப்பம் கடத்தும் அகலமான பட்டை கிரவுண்ட் அல்ல, வெளியீடு. அதை கிரவுண்டோடு சேர்த்து வரைந்துவிட்டு ஷார்ட் சர்க்யூட்டைத் தேடுவோர் உண்டு.

வைஃபை அலை அனுப்பும் நொடிகளில் மாட்யூல் 300 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய மின்வழங்கல் வேண்டும் என்று உற்பத்தியாளரே கேட்கிறார். மாட்யூலின் 3.3 வோல்ட் பின்னை ஒட்டியே 22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் 100 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வையுங்கள். பலகையின் மறுகோடியில் வைத்தால், சுற்றுப்படத்தில் அவை சரியாகத் தெரிந்தாலும் நடைமுறையில் பயன் மிகக் குறைவு. வைஃபை தொடங்கும் கணத்தில் சீரியல் மானிட்டரில் ‘பிரவுன்அவுட்’ (மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது) என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தால், நிரலைப் புரட்டாமல் இந்த இடத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, எந்தப் பின்னை எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவு. மின்சாரம் வந்தவுடன் ஜிபிஐஓ (உள்ளீடு, வெளியீட்டுக்கான பொதுப் பின்கள்) 0, 2, 5, 12, 15 ஆகியவற்றின் நிலையைப் பார்த்துத்தான் எப்படித் தொடங்குவது என்பதை இந்தச் சிப் தீர்மானிக்கிறது. அவற்றுள் 12-ஆம் பின் அந்த நேரத்தில் உயர் நிலையில் இருந்தால், ஃபிளாஷுக்கான மின்னழுத்தம் 1.8 வோல்ட்டாகத் தேர்வாகி மாட்யூல் தொடங்கவே தொடங்காது. பார்ப்பவருக்கு அது செத்த பலகைபோலத் தோன்றும். 6 முதல் 11 வரையிலான பின்கள் ஃபிளாஷுக்கே உரியவை. 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளீட்டுக்கு மட்டுமே உதவும். அவற்றில் உள்ளிணைந்த புல்-அப் மின்தடையும் (பின்னை உயர் நிலையில் பிடித்துவைக்கும் மின்தடை) கிடையாது. ஈரப்பத சென்சாரின் அனலாக் வெளியீட்டை, வைஃபை இயங்கும்போதும் வேலை செய்யும் முதல் ஏடிசி (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) தொகுதியில், அதாவது 32 முதல் 39 வரையிலான பின்களில் ஒன்றில், இணையுங்கள். இரண்டாம் தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை இயங்கும்போது அளவீடு கிடைக்காது.

யுஎஸ்பி சிப்பை இந்தப் பலகையில் சேர்க்கவே வேண்டாம். டிஎக்ஸ் (அனுப்பும் பின்), ஆர்எக்ஸ் (பெறும் பின்), கிரவுண்ட் ஆகியவற்றை ஒரு பின் ஹெடரில் வெளியே கொண்டுவந்து, 3.3 வோல்ட் நிலையில் இயங்கும் தனி யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் மூலம் நிரலை ஏற்றலாம். மாட்யூலை ரீசெட் செய்யும் இஎன் பின்னுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் மின்தடையும் கிரவுண்டுக்கு 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் கொடுத்து, அதில் ஒரு பொத்தானும் ஜிபிஐஓ 0-இல் ஒரு பொத்தானும் வைத்தால் போதும். இரண்டாவதை அழுத்திக்கொண்டே முதலாவதைத் தட்டினால் மாட்யூல் நிரலேற்ற நிலைக்குச் செல்லும்.

வால்வை இயக்க என்-சேனல் மாஸ்ஃபெட் வேண்டும்; ‘கேட்’ என்ற முனைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தால் இயங்கும் மின்னணு சுவிட்ச் அது. பலரும் கையில் கிடைக்கும் ஐஆர்எஃப்இசட்44என்-ஐப் போட்டுவிடுகிறார்கள்; 3.3 வோல்ட் கேட் மின்னழுத்தத்தில் அது முழுமையாகத் திறக்கும் என்று நம்ப முடியாது. ஏஓ3400 போல, 2.5 வோல்ட்டிலேயே மின்தடை மதிப்பு டேட்டாஷீட்டில் உறுதியாகக் குறிப்பிடப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் வைக்காவிட்டால், சிப் தொடங்கும் சிறு இடைவெளியில் வால்வு தானே திறக்கக்கூடும். வால்வை அணைக்கும்போது சுருளில் எழும் உயர் மின்னழுத்தத்தைத் தடுக்க, அதன் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, அதன் கேத்தோடு 12 வோல்ட் பக்கம் இருக்குமாறு, கட்டாயம் வேண்டும்.

வரைவதற்கு கீகேட் மென்பொருள் இலவசம். இதற்குத் தாராளமாகப் போதும். இரண்டு அடுக்குப் பலகையில் தடங்களை முடிந்தவரை மேலடுக்கில் ஓட்டி, கீழடுக்கு முழுவதையும் உடைபடாத கிரவுண்டாக விட்டுவிடுங்கள். சிக்னல் தடங்களுக்கு 0.25 மில்லிமீட்டரும், வால்வு மின்னோட்டம் செல்லும் தடங்களுக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் அகலம் கொடுங்கள். மாட்யூலின் ஆன்டெனாப் பகுதி பலகையின் விளிம்பில், முடிந்தால் விளிம்புக்கு வெளியே, இருக்க வேண்டும். அதன் அடியில் எந்த அடுக்கிலும் செம்பு கூடாது. கிரவுண்ட் நிரப்பும்போது மென்பொருள் அந்த இடத்தையும் நிரப்பிவிடாதபடி தடைப்பகுதி வரைந்து வையுங்கள். 12, 5, 3.3 வோல்ட் தடங்களிலும் கேட்டிலும் சோதனைமுனை பிடிக்க ஒரு வெற்று பேட் விடுங்கள். அருகில் அதன் பெயரை வெள்ளை மையில் எழுதுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் பாகங்களை வாங்கிவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கைக்கு வரும் பாகத்தின் அளவும் மென்பொருளின் நூலகத்தில் உள்ள ஃபுட்பிரின்ட்டும் (பாகம் உட்காரும் இடத்தின் வரைபடம்) ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பலகையை நூறு சதவீத அளவில் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். பொத்தான், டெர்மினல் பிளாக், பக் மாட்யூல் மூன்றும் இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டுபவை.

உற்பத்தியாளர்களில் பலர் குறைந்தது ஐந்து பலகைகளாகத்தான் தருவார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, மின்வழங்கல் பகுதியை முதலில் சாலிடர் செய்யுங்கள். 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இல்லை என்பதை மீட்டரில் பார்த்தபின், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 12 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என வைத்து மின்சாரம் கொடுங்கள். 3.3 வோல்ட் நிலையாக வந்தபின் மாட்யூலைச் சேர்த்து, வரம்பை 500 மில்லி ஆம்பியருக்கு உயர்த்தி, சீரியலில் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வால்வுப் பகுதி அதற்கும் பிறகு. கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழையையும் அன்றே கீகேட் கோப்பில் திருத்திவிட்டு, இரண்டாம் பலகையில் கை வையுங்கள்.