செயலி (சிபியு) மாறும்போது ப்ரொஃபைலர் எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் கர்னலின் செயல்திறன் அளவீட்டு வசதியான பெர்ஃப் நிகழ்வுகளைப் பயன்படுத்தி, ஒரு நிரல் தன் நேரத்தை எங்கே செலவிடுகிறது என்று காட்டும் ப்ரொஃபைலர் ஒன்றை எழுதிவருகிறோம். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினிகளில் அது சரியாக இயங்குகிறது. ஆனால் 64 பிட் ஆர்ம் சர்வரில் பதிவான கோப்பை எக்ஸ்86 கணினியில் திறந்தால், பதிவகங்களின் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) பெயர்கள் தவறாக வருகின்றன. எந்தச் செயல்கூறை எது அழைத்தது என்னும் அழைப்பு வரிசையும் முதல் படியிலேயே அறுந்துவிடுகிறது. செயலியின் கட்டமைப்பு சார்ந்த பகுதிகள் அனைத்தையும் இஃப்டெஃப் (கம்பைல் செய்யும்போதே நிரல் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை) கொண்டு முறையாகப் பிரித்திருக்கிறோம். பிழை எங்கே இருக்கக்கூடும்?

பதில்: பிழை பெரும்பாலும் அந்த இஃப்டெஃப்களிலேயே இருக்கிறது. இந்தக் கருவி எந்தச் செயலிக்காகக் கம்பைல் செய்யப்பட்டது என்பதை மட்டுமே இஃப்டெஃப் சொல்லும். இந்தத் தரவு எந்தச் செயலியில் பதிவானது என்பதை அதனால் சொல்ல முடியாது. பதிவும் ஆய்வும் ஒரே கணினியில் நடக்கும்வரை இரண்டுக்கும் விடை ஒன்றாகவே இருப்பதால், இந்த வேறுபாடு கண்ணில் படாமல் பல ஆண்டுகள் மறைந்திருக்கலாம். கோப்பு வேறு கணினிக்குப் போன அன்றுதான் அது வெளிப்படும்.

உங்கள் அறிகுறிகளையே எடுத்துக்கொள்வோம். நிரல் ஓடும்போது இடையிடையே எடுக்கப்படும் ஒவ்வொரு மாதிரியோடும் கர்னல் சேர்த்துத் தரும் பதிவகங்கள் பெயரோடு வருவதில்லை. எண் வரிசையில்தான் வருகின்றன. அந்த எண்களுக்குப் பொருள் தருவது கட்டமைப்பு. எக்ஸ்86இல் 7ஆம் எண் ஸ்டாக் (அழைப்புகளின் தரவு அடுக்கப்படும் நினைவகப் பகுதி) சுட்டியையும் 8ஆம் எண் நிரல் சுட்டியையும் குறிக்கின்றன. 64 பிட் ஆர்மில் அந்த இடங்கள் முறையே 31, 32. அங்கே 7ஆம் எண்ணில் இருப்பது எக்ஸ்7 என்னும் சாதாரணப் பதிவகம். அதில் தற்செயலாக இருந்த மதிப்பை ஸ்டாக்கின் முகவரியாக எடுத்துக்கொண்டு உங்கள் கருவி பயணத்தைத் தொடங்கினால், அழைப்பு வரிசை முதல் படியிலேயே அறுந்துபோவதில் வியப்பில்லை.

ஆகவே, ஆய்வுப் பகுதியில் உள்ள ஒவ்வொரு செயல்கூறும் கட்டமைப்பைத் தன் வாதங்களில் ஒன்றாகப் பெற வேண்டும். எல்லாக் கட்டமைப்புகளுக்குமான அட்டவணைகளும் எல்லாக் கணினிகளிலும் கம்பைல் ஆக வேண்டும். பெர்ஃப் கருவியே இந்த வழிக்குப் படிப்படியாகத்தான் வந்தது: பதிவகப் பெயர்களைத் தரும் அதன் செயல்கூறு முன்பு கம்பைல் நேரத்திலேயே முடிவாகிவிடும், பின்னர்தான் அது கட்டமைப்பை வாதமாகப் பெறும்படி மாற்றப்பட்டது. பதிவான கணினியின் கட்டமைப்புப் பெயர், கர்னல் பதிப்பு, செயலி விவரம் ஆகியவற்றைப் பெர்ஃப் தன் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவைக்கிறது. உங்கள் கோப்பு வடிவத்தில் இவற்றுக்கு இடம் இல்லையென்றால் முதலில் அதைச் சேருங்கள்; அது இல்லாமல் மற்ற எந்தத் திருத்தமும் நிலைக்காது.

பெயரைப் பதிவு செய்யும்போது ஒரு சிறு எச்சரிக்கை. கணினியின் வகையைச் சொல்லும் யூநேம் கட்டளை ஏஆர்ச்64 என்று சொல்வதைக் கர்னலின் மூல அடைவு ஆர்ம்64 என்று சொல்கிறது. ஐ386, ஐ686, எக்ஸ்86-64 ஆகிய மூன்றும் ஒரே அடைவுக்குள் அடங்குகின்றன. ஆகவே பெயர்களை ஒரே இடத்தில் ஒருமைப்படுத்திவிட்டு, அதன் பிறகே ஒப்பிட வேண்டும். நிரல்கள் கர்னலிடம் சேவை கேட்கும் கணினி அழைப்புகளின் எண்களுக்கும் இதே விதிதான். கோப்பைத் திறக்கும் ஓப்பன்ஆட் அழைப்பின் எண் 64 பிட் எக்ஸ்86இல் 257. 64 பிட் ஆர்மில் 56. ஆய்வு நடக்கும் கணினியின் அட்டவணையைப் பார்த்துப் பெயரிட்டால், கருவி எந்தப் பிழைச்செய்தியும் தராமல் தவறான பெயரை அச்சிட்டுக்கொண்டிருக்கும். நொறுங்கிவிழும் கருவியை விட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் அந்தப் பெயரை நம்பி ஒருவர் தன் நிரலையே மாற்றி எழுதக்கூடும்.

இவற்றைச் சரிசெய்த பின்னும் ஆர்மில் ஓர் அழைப்பாளர் விடுபடக்கூடும். எக்ஸ்86இல் அழைப்புக் கட்டளையே திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிடுகிறது. ஆர்மிலோ அது எல்ஆர் என்னும் பதிவகத்துக்குப் போகிறது. வேறு எதையும் அழைக்காத கடைசிச் செயல்கூறு அதை ஸ்டாக்கில் சேமிக்க வேண்டிய தேவையே இல்லை. அத்தகைய செயல்கூறில் மாதிரி விழுந்தால், ஒவ்வொரு அழைப்பின் ஸ்டாக் பகுதியையும் சுட்டும் ஃப்ரேம் பாயின்டர்களை மட்டும் பின்தொடரும் கருவிக்கு அதன் நேரடி அழைப்பாளர் தெரியாது. பெர்ஃப் இதற்காகவே எல்ஆரையும் சேர்த்துப் பதிவு செய்து, டுவார்ஃப் என்னும் பிழைதிருத்தத் தகவலின் துணையோடு விடுபட்டவரை நிரப்புகிறது. எக்ஸ்86இல் சிக்கல் வேறு வகையானது: அங்கே கம்பைலர்கள் ஃப்ரேம் பாயின்டரை இயல்பாகவே நீக்கிவிடுவதால், நிரல்களை அதைத் தக்கவைக்கும் தெரிவோடு கம்பைல் செய்திருக்க வேண்டும். 2023இல் ஃபெடோரா 38உம் 2024இல் உபுண்டு 24.04உம் தம் தொகுப்புகளில் அதை மீண்டும் இயல்பாக்கின.

கேள்வி: ஒரே நிரலை இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் ஆகிய மூன்றிலும் ஓட்டி, கேஷ்-மிஸ்ஸஸ் (செயலியின் விரைவு நினைவகமான கேஷில் தரவு கிடைக்காமல் தவறியவை) எண்ணிக்கையை ஒப்பிட்டோம். ஆர்மில் மிக அதிகமாக இருக்கிறது. அந்தச் செயலியின் கேஷ் அவ்வளவு மோசமானதா?

பதில்: அந்த எண்களை வைத்து அப்படிச் சொல்ல இயலாது. பெர்ஃப் நிகழ்வுகள் 2009இல் லினக்ஸ் 2.6.31இல் வந்தபோதே, சைக்கிள்ஸ், இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ், கேஷ்-மிஸ்ஸஸ் போன்ற பொதுப் பெயர்களும் உடன் வந்தன. ஒவ்வொரு கட்டமைப்பும் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு நிகழ்வை அந்தப் பெயரோடு பொருத்திக்கொள்கிறது. இன்டெலில் அது கடைசி நிலை கேஷில் தவறியவற்றை எண்ணுகிறது. ஏஎம்டியின் ஸென் வரிசையில் இரண்டாம் நிலையோடு தொடர்புடையதை எண்ணுகிறது. 64 பிட் ஆர்மிலோ முதல் நிலைத் தரவு கேஷ் மீண்டும் நிரப்பப்பட்டதை எண்ணுகிறது. முதல் நிலையில் தவறுபவற்றுள் பெரும்பகுதி அடுத்த நிலைகளிலேயே கிடைத்துவிடும் என்பதால், ஆர்மின் எண் பெரிதாகத் தோன்றுவது இயல்பு. ஒப்பிட வேண்டியது ஓடி முடிக்க ஆன நேரத்தை. கேஷ் நிலவரம் தேவையென்றால், அந்தந்தச் செயலியின் கையேட்டில் உள்ள நிகழ்வை அதன் சொந்தப் பெயரிலேயே கேளுங்கள். கருவி எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள்: பொதுப் பெயருக்கு அருகில், அது உண்மையில் எந்த நிகழ்வாக மாறியது என்பதையும் காட்டுங்கள்.

ஒரே கணினிக்குள்ளும் இந்தச் சிக்கல் வரலாம். ஆர்மின் பிக்.லிட்டில் அமைப்பிலும், 2021இல் வந்த இன்டெலின் ஆல்டர் லேக்கிலும் இரு வகைக் கருக்கள் (கோர்கள்) உண்டு. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அளவீட்டு அலகு இருக்கிறது. ஒரு வகையில் மட்டும் நிகழ்வைத் திறந்தால், நிரலின் இழை (த்ரெட்) மற்ற வகைக் கருவில் ஓடிய நேரம் முழுவதும் எண்ணப்படாது. இரண்டிலும் திறந்து, இரு எண்ணிக்கைகளையும் தனித்தனியே காட்ட வேண்டும்.

கேள்வி: ஆர்ம் சர்வரில் கர்னலை ப்ரொஃபைல் செய்தால், ஸ்பின் பூட்டை (காத்திருப்பவர் சுழன்றபடியே காத்திருக்கும் பூட்டு) விடுவித்து, செயலியை இடைமறிக்கும் குறுக்கீடுகளை மீண்டும் அனுமதிக்கும் செயல்கூறிலேயே மாதிரிகள் குவிகின்றன. அங்கே என்ன அவ்வளவு வேலை நடக்கிறது?

பதில்: அங்கே ஏறக்குறைய எந்த வேலையும் நடக்கவில்லை. எக்ஸ்86இல், நிகழ்வுகளை எண்ணும் கவுன்ட்டர் நிரம்பியதைச் சொல்லும் குறுக்கீடு, மறைக்க முடியாத வகையைச் சேர்ந்தது. கர்னல் குறுக்கீடுகளை நிறுத்திவைத்திருக்கும்போதும் அது வந்து மாதிரியை எடுத்துவிடும். ஆர்மில் இயல்பாக அது சாதாரணக் குறுக்கீடுதான். ஆகவே குறுக்கீடுகள் நிறுத்தப்பட்ட பகுதிக்குள் கவுன்ட்டர் நிரம்பினால், அவை மீண்டும் அனுமதிக்கப்படும் கணம்வரை அது காத்திருக்கிறது. அந்தப் பகுதி முழுவதற்குமான பழி இறுதி வரியின் மேல் விழுகிறது. ஜிக் பதிப்பு 3 குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி இருந்தால், முன்னுரிமைகளைக் கொண்டு மறைக்க முடியாத குறுக்கீட்டைப் போலச் செய்யும் வசதி கர்னலில் உண்டு. அதைச் சேர்த்துக் கம்பைல் செய்து, தொடங்கும்போது அதற்கான அளவுருவையும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ரிஸ்க்-ஃபைவ் என்னும் செயலிக் கட்டமைப்பு கொண்ட பலகையில், நிகழ்வுகளை எண்ணும் பெர்ஃப் ஸ்டாட் எண்களைத் தருகிறது, மாதிரி எடுக்கும் பெர்ஃப் ரெக்கார்ட் மட்டும் வன்பொருள் நிகழ்வுகளை ஏற்க மறுக்கிறது. ஏன்?

பதில்: எண்ணுவதற்குக் கவுன்ட்டர் போதும், மாதிரி எடுக்க, அது நிரம்பியதும் குறுக்கீடு தர வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் அந்தக் குறுக்கீடு எஸ்எஸ்கோஃப்பிஎம்எஃப் என்னும் தனி நீட்டிப்பின் வழியாகவே தரப்படுத்தப்பட்டது. உங்கள் பலகையின் செயலியில் அது இல்லாதிருக்கலாம். சிபியு-க்ளாக் என்னும் மென்பொருள் நிகழ்வைக் கொண்டு நேர அடிப்படையில் மாதிரி எடுக்கலாம். உங்கள் சொந்தக் கருவியில் இந்த மாற்றை வைத்தால், எது மாற்றப்பட்டது என்பதைப் பயனருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: கர்னல் மாதிரிகளை எழுதிவைக்கும் வளைய இடையகத்தை நேரடியாகப் படிக்கிறோம். எக்ஸ்86இல் பிழையே இல்லை. ஆர்மில் அரிதாகச் சிதைந்த பதிவுகள் வருகின்றன.

பதில்: கர்னல் எதுவரை எழுதியிருக்கிறது என்று காட்டும் தலையைச் சாதாரண மாறியைப் போலப் படிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எக்ஸ்86 படிப்புகளின் வரிசையைக் காப்பாற்றுகிறது. ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. தலையை அக்வயர் முறையில் (பின்வரும் படிப்புகள் அதை முந்தாதபடி) படித்து, பதிவுகளை எடுத்து முடித்த பின், நீங்கள் படித்து முடித்த இடத்தைக் காட்டும் வாலை ரிலீஸ் முறையில் (முந்தைய படிப்புகள் முடியும்முன் எழுதப்படாதபடி) எழுதுங்கள். கூடவே, நிரலில் எங்கேனும் நினைவகப் பக்க அளவு 4096 என்று எழுதப்பட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். ஆர்மில் அது 16 கேபியாகவோ 64 கேபியாகவோ இருக்கலாம் என்பதால், இயங்கும் நேரத்தில் கணினியிடமே கேட்டுப் பெற வேண்டும்.